பற்றரியை மாற்றுவது பழுதுபார்ப்பதாகாது

காலையில் கார் இயங்க மறுத்தால் நமது நாட்டில் அதற்கு வழங்கப்படும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "பற்றரி போய்விட்டது." இந்தத் தீர்ப்புக்கு முன்னர் விசாரணை எதுவும் நடப்பதில்லை. பழைய பற்றரி கழற்றப்படுகிறது, புதியது பூட்டப்படுகிறது, பற்றுச்சீட்டு எழுதப்படுகிறது. கார் உடனே உயிர்பெற்றுவிடுவதால் நோய் தீர்ந்தது என்று உரிமையாளரும் நம்பி வீடு திரும்புகிறார். சில மாதங்களில், சில வேளைகளில் சில வாரங்களிலேயே, அதே காலை மீண்டும் விடிகிறது.

பத்து வருடங்களுக்கு உட்பட்ட, பார்வைக்குப் புதிதாகவே தோன்றுகிற கார்களில் இந்தத் தொல்லை அதிகம் என்பதுதான் இதில் வியப்பு. கார் புதிதென்றால் கோளாறு குறைவு என்ற நமது பழைய கணக்கு மின்சார விடயத்தில் பிழைத்துப் போகிறது. அடிக்கடி பற்றரி இறங்குவது பெரும்பாலும் ஒரு நோயின் அறிகுறியே அன்றி நோய் அன்று. அளந்து பாராமல் பற்றரியை மாற்றுவது பண்டம் விற்பதாகுமே தவிர, பழுதுபார்ப்பதாகாது. பழுதுபார்ப்பு என்ற பெயரில் பண்டம் விற்கப்படும்போது பாவனையாளருக்குச் சட்டத்தின் காவல் இருக்க வேண்டும். இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது இதனையே.

காரை மின்சாரத்தால் இயக்கிவைக்கும் ஏற்பாட்டை அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றரிங் உருவாக்கினார். 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டு வெளிவந்தது. அதற்கு முன்னர் இரும்புப் பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினை இயக்க வேண்டியிருந்தது. அன்று தொடங்கி நெடுங்காலம் பற்றரியின் வேலை எளிமையானதாகவே இருந்தது: எஞ்சினை இயக்கிவிடு, விளக்குகளுக்கு மின் கொடு, பிறகு ஓய்வெடு. நமது வீதிகளில் ஓடிய மொரிஸ் மைனரில் சாவியை எடுத்துவிட்டால் கார் முழுமையாக உறங்கிவிடும். பற்றரி இறங்கிப்போனாலும் அயலவர் நால்வர் சேர்ந்து தள்ளினால் கார் ஓடத் தொடங்கிவிடும்.

இன்றைய கார் அப்படி உறங்குவதில்லை. பூட்டிவிட்டு நாம் நடந்துபோன பின்னரும், சட்டைப்பையிலுள்ள சாவி திரும்பி வருகிறதா என்று அது காத்துக்கொண்டிருக்கிறது. கதவு, பிரேக், காற்றுப்பை, குளிரூட்டி, எஞ்சின் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கணினி உண்டு. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய 'கான்' என்னும் தொடர்பு வலையமைப்பின் வழியே இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. காரைப் பூட்டியதும் இவை உடனே ஓய்வதில்லை; ஒன்றன்பின் ஒன்றாக உறக்கத்துக்குச் செல்ல இருபது நிமிடங்கள் முதல் நாற்பது நிமிடங்கள் வரை ஆகலாம். இடையில் ஒரு கதவைத் திறந்தால் எல்லாம் மீண்டும் விழித்துக்கொள்ளும். கூட்டத்தில் ஒன்று மட்டும் உறங்காமல் இருந்தால் மற்றவற்றையும் அது உறங்கவிடாது. இத்தகைய கார்களில் அநேகமானவை தன்னியக்கக் கியர் கொண்டவை என்பதால் அயலவர் நால்வர் தள்ளியும் பயனில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஆரோக்கியமான புதிய கார் ஒன்று உறங்கும்போது சுமார் 20 முதல் 50 மில்லி அம்பியர் மின்னோட்டத்தைப் பயன்படுத்தும். 50 என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. சிறிய ஜப்பானியக் காரொன்றின் பற்றரி 40 அம்பியர் மணி கொள்ளளவுடையதானால், அதிற் பாதி கரைய பதினாறு நாட்களுக்கு மேல் வேண்டும். ஆனால் ஏதோவொரு கருவி உறங்காமல் 500 மில்லி அம்பியரை, அதாவது அரை அம்பியரை, உறிஞ்சிக்கொண்டிருந்தால் அதே பாதி நாற்பது மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும். வெள்ளி மாலை நிறுத்திய கார் திங்கள் காலை இயங்காது. அங்கே நூறு புதிய பற்றரிகளை மாற்றிப் பூட்டினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்த்த கதைதான்.

அது மட்டுமன்று. இவ்வாறு அடியோடு இறங்கி இறங்கி ஏறும் பற்றரி நிரந்தரமாகவே கெட்டுப்போகிறது. ஈயத் தகடுகளில் ஈய சல்பேற்றுப் படிகங்கள் கடினமாகப் படிந்து அதன் கொள்ளளவைத் தின்றுவிடுகின்றன. ஆகவே கராஜில் சோதிக்கும்போது பற்றரி பழுது என்பது உண்மையாகவே இருக்கும். அதனைக் கொன்றது எது என்பதுதான் கேட்கப்படாத கேள்வி. பிரேத பரிசோதனையில் மரணம் உறுதிசெய்யப்படுகிறது, கொலையாளி தேடப்படுவதில்லை.

என் அனுபவத்தையும் இங்கே சாட்சியாக வைக்கிறேன். 2017இல் தயாரிக்கப்பட்ட ஒரு ஜப்பானியக் காரை 2023இல் வாங்கினேன். பதினான்கு மாதங்களுக்குள் அதற்கு இரண்டு புதிய பற்றரிகள் பூட்டப்பட்டன. ஒவ்வொன்றும் 30,000 ரூபாவுக்கு மேல். இரண்டாவது பற்றரியும் இறங்கியபோது அதனை விற்ற கடைக்குச் சென்று உத்தரவாதத்தைக் காட்டினேன். அவர்கள் பற்றரியைச் சோதித்தார்கள். "பற்றரியில் பிழையில்லை ஐயா, உங்கள் வாகனத்தில்தான் எங்கோ மின்கசிவு, உத்தரவாதம் செல்லாது" என்றார்கள். விற்ற அன்று குற்றவாளி பற்றரி, வாகனம் நிரபராதி. உத்தரவாதம் கேட்ட அன்று குற்றவாளி வாகனம், பற்றரி நிரபராதி. ஒரே மேசையில் வழங்கப்பட்ட இவ்விரு தீர்ப்புகளில் எது சரி என்பதல்ல என் கேள்வி. இரண்டாவது தீர்ப்பைக் கூறுமளவுக்கு அவர்களிடம் அறிவும் கருவியும் இருந்தனவென்றால், முதல்நாள் அவை எங்கே போயிருந்தன?

பின்னர் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு சிறிய கடையில் வாகன மின்சார வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் பொனற்றைத் திறக்கு முன்னர் கேட்டது ஒரு கேள்வி: "எத்தனை நாள் நிறுத்தி வைத்தால் இறங்குகிறது?" மூன்று நாட்கள் என்றேன். பற்றரியை முழுமையாக ஏற்றினார். கார் தன் கதவுகள் மூடியிருப்பதாக எண்ணிக்கொள்ளும்படி பூட்டின் கொக்கியைத் திருப்புளியால் தள்ளிவிட்டார். வயரைக் கழற்றாமலே மின்னோட்டத்தை அளக்கும் கவ்வி மீற்றரை மாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். பற்றரியைக் கழற்றி மாட்டினால் கணினிகள் புதிதாகத் தொடங்கிக் குறும்பை மறைத்துவிடும் என்று பின்னர் விளக்கினார். நாற்பது நிமிடங்கள் கழிந்த பின்னரும் மீற்றர் 380 மில்லி அம்பியர் காட்டியது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். ஒன்றைக் கழற்றியதும் அளவு சட்டென்று வீழ்ந்தது. அந்த வயரைத் தொடர்ந்து போனால், முந்திய உரிமையாளர் பூட்டிய ஒரு திருட்டு அலாரம். அதன் சைரனுக்குள் இருந்த சிறிய பற்றரி செத்துப்போயிருந்தது. செத்ததை ஏற்ற முயன்று அந்தக் கருவி இரவும் பகலும் என் காரின் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிய பின்னர் அளவு 30. அவர் பெற்றுக்கொண்ட கூலி ஒரு பற்றரியின் விலையிற் பத்திலொரு பங்குகூட இல்லை.

இது வெறும் பணக் கதையுமன்று. நள்ளிரவில் பத்திரிகை அலுவலகத்திலிருந்து வீடு திரும்புபவனுக்கும், வைத்தியசாலைக்கு நோயாளியை ஏற்றிச் செல்லவேண்டிய குடும்பத்துக்கும், கார் இயங்குமா என்ற ஐயத்தோடு வாழ்வது காரே இல்லாமல் இருப்பதைவிடக் கொடியது. கார் இல்லாதவர் முச்சக்கர வண்டியை நேரத்தோடு அழைத்துவிடுவார்.

ஹைபிரிட் கார்களின் நிலை இன்னும் விசித்திரமானது. எக்வாவையும் பிரியஸையும் வைத்திருப்போரிற் பலர், இவ்வளவு பெரிய பற்றரி இருக்கையில் மின்சாரத்துக்கு என்ன குறை என்று எண்ணுகிறார்கள். ஆனால் காரின் கணினிகளை எழுப்புவது அந்தப் பெரிய பற்றரி அன்று. பின்பக்கத்தில் மறைந்திருக்கும் ஒரு சிறிய 12 வோல்ற் பற்றரியே. அது இறங்கிவிட்டால் பெரிய பற்றரி நிரம்பி வழிந்தாலும் கார் அசையாது. களஞ்சியம் நிறைய நெல் இருக்கிறது, திறப்பு மட்டும் தொலைந்துவிட்டது என்ற நிலை. சிறிய பற்றரி ஏறவேண்டுமாயின் கார் 'ரெடி' நிலையில் இருக்க வேண்டும். அந்த நிலைக்குக் கொண்டுவராமல் காரில் அமர்ந்து பாட்டுக் கேட்டால் அது இறங்கிக்கொண்டே போகும். முழு மின்சாரக் கார்களிலும் இதே ஏற்பாடுதான். மேலும், பயணிகள் அமரும் அறைக்குள் வைக்கப்படும் பற்றரி, எழும் வாயுவைக் குழாய் வழியே வெளியேற்றும் தனி வகையினதாக இருக்க வேண்டும். விலை குறைவென்று சாதாரணப் பற்றரியை அவ்விடத்திற் பூட்டிவிடுவது, தீப்பற்றக்கூடிய ஐதரசனோடு குடும்பத்தைப் பயணம் அனுப்புவதாகும்.

சமிக்ஞை விளக்கில் தானே நின்று தானே இயங்கும் எஞ்சின் கொண்ட கார்களுக்கும் அவற்றுக்கென வடிவமைத்த பற்றரி தேவை. ஜப்பானியக் கார்களில் எம்-42, கியூ-85 என்றெல்லாம் குறியிடப்பட்டிருப்பவை இவ்வகையின. அங்கே சாதாரணப் பற்றரி நெடுநாள் தாக்குப்பிடிக்காது. ஐரோப்பியத் தயாரிப்புகள் பலவற்றில் புதிய பற்றரி பூட்டப்பட்ட செய்தியைக் கணினிக்கு அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்காவிட்டால் கிழவனுக்கு ஊட்டுவதுபோலவே இளைஞனுக்கும் அது ஊட்டிக்கொண்டிருக்கும்.

இவை உலகப் பொதுவான சிக்கல்கள். ஜேர்மனியின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏடிஏசியின் அண்மைய ஆண்டுப் புள்ளிவிபரங்களில், வழியில் நின்றுபோன வாகனங்களில் 40 வீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்குக் காரணம் 12 வோல்ற் பற்றரியே. மின்சாரக் கார்களிலும் முதற்காரணம் அதுதான். அமெரிக்காவில் சுபாரு நிறுவனத்தின் 2015 முதல் 2020 வரையான மாதிரிகள் சிலவற்றின் உரிமையாளர்கள், பற்றரி அடிக்கடி இறங்குவது வடிவமைப்பின் குறை என்று நியூ ஜேர்சி சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் குற்றத்தை ஏற்கவில்லை. எனினும் இணக்கத் தீர்வில் உத்தரவாதக் காலத்தை நீடிக்கவும் பற்றரிச் செலவுகளில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கவும் சம்மதித்தது. அங்கே உரிமையாளர்கள் கையில் காட்டப் பற்றுச்சீட்டுகளும் பரிசோதனைக் குறிப்புகளும் இருந்தன. எழுத்தில் இருந்தது, ஆகவே வழக்காயிற்று.

நமது நாட்டில் இந்த உலகச் சிக்கலோடு உள்ளூர்ச் சிக்கல்கள் நான்கு சேர்ந்துகொள்கின்றன.

முதலாவது வெப்பம். பற்றரியைக் குளிர்தான் கொல்லும் என்ற எண்ணம் குளிர்நாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்தது. குளிர் பற்றரியின் பலவீனத்தை வெளிக்காட்டும். அதன் ஆயுளைத் தின்பது வெப்பமே. வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை கூடும்போது பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது துறைசார்ந்தோரின் பொதுவிதி. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் பொனற்றின் கீழே என்ன நிலை என்பதை விளக்க வேண்டியதில்லை. கரையோர உப்புக்காற்று முனையங்களையும் உடலோடு இணைக்கும் 'ஏர்த்' வயர்களையும் அரிப்பது தனிக் கதை.

இரண்டாவது நெரிசல். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஒரு மணித்தியாலம் ஊர்ந்து போகும்போது குளிரூட்டி, காற்றாடி, மழைநாளில் துடைப்பான், விளக்கு எல்லாம் வேலை செய்கின்றன. எஞ்சினோ தாழ்ந்த வேகத்திற் சுழல்கிறது. அந்த வேகத்தில் ஆல்டனேற்றர் தரும் மின் குறைவு. ஓடினால் பற்றரி ஏறிவிடும் என்பது ஓடும் காருக்கு உண்மை, ஊரும் காருக்கன்று.

மூன்றாவது, அண்மைய வரலாறு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கார்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. அதே மாதத்தில் வாகன இறக்குமதியும் இடைநிறுத்தப்பட்டது. 2022இன் நடுப்பகுதியில் சிறிது காலம் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றாயிற்று, அதன்பின்னர் கியூ.ஆர். குறியீட்டு முறையில் வாராந்தப் பங்கீடு வந்தது. ஓடாத கார் மெல்ல மெல்லப் பற்றரியைக் கொல்லும் என்பதை அந்த ஆண்டில் நாடே கற்றுக்கொண்டது. தனியார் பாவனைக்கான இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்படும் வரையிலான அந்த ஐந்தாண்டுகளில், நாட்டிலிருந்த கார்களே கைமாறிக் கைமாறி, வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்கப்பட்டன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு புதிய கருவி சேர்ந்தது: பின்புறக் கமரா, பெரிய திரை, நிறுத்தியிருக்கும்போதும் பதிவுசெய்யும் வீதிக் கமரா, அலாரம், இருப்பிடம் காட்டும் கருவி. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர், கைக்கெட்டிய வயரில் வெட்டி ஒட்டினார். எங்கே ஒட்டினார் என்பது எந்தத் தாளிலும் இல்லை.

நான்காவது மொழி. ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த கார்களில், சுங்க வீதிக் கட்டணக் கருவிக்கு அட்டை செருகப்படவில்லை என்று ஒரு பெண்குரல் தினமும் காலையில் ஜப்பானிய மொழியில் அறிவிப்பதை எத்தனையோ இலங்கையர் பொருள் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொருள் தெரியாத குரல் தீங்கற்றது. ஆனால் அதே காரின் கைந்நூலும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கிறது. எந்தப் பியூஸ் எதற்குரியது, எந்த வகைப் பற்றரி பூட்ட வேண்டும், எச்சரிக்கை விளக்கு எதைச் சொல்கிறது என்பவை உரிமையாளருக்கும் தெரியாது, பெரும்பாலும் திருத்துநருக்கும் தெரியாது. வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செலவிடும் மிகப் பெரிய தொகை, வாசிக்க முடியாத ஒரு புத்தகத்தோடு வீட்டு வாசலில் நிற்கிறது.

திருத்துநர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உறங்கும் காரை அளக்க ஒரு மணித்தியாலமாவது வேண்டும். கோளாறு விட்டுவிட்டு வருவதாயின் அரை நாள் போகும். அந்த அரை நாளுக்குக் கூலி கேட்டால், "ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குக் காசு?" என்று வாடிக்கையாளர் சீறுவார். பற்றரி ஒன்றை விற்றால் பத்து நிமிடத்தில் இலாபம் கைக்கு வரும். பழையதின் ஈயத்துக்கும் விலை உண்டு. நமது சமூகம் பண்டத்துக்குப் பணம் கொடுக்கப் பழகியிருக்கிறது, நோயறியும் அறிவுக்குக் கொடுக்கப் பழகவில்லை. வைத்தியரிடம் பரிசோதனைக் கட்டணம் செலுத்துகிறோம். அவர் மருந்தே தராமல், பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினாலும் நன்றி சொல்கிறோம். திருத்துநருக்கும் அந்த மதிப்புக் கிடைக்காதவரை நல்ல திருத்துநர் பற்றரி விற்பனையாளராகவே மாறுவார். கொட்டாஞ்சேனை முதியவரின் கடைக்குள் இளைஞர் எவரும் வேலை பழகக் காணோம் என்பதையும் கவனித்தேன்.

ஆனால் அந்த நியாயம் ஓர் எல்லையோடு முடிகிறது. அளப்பதற்குக் கூலி கேட்பது நியாயம். அளக்காமலே தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், சேவை வழங்குவோர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதனை வழங்க வேண்டும் என்ற உத்தரவாதத்தை ஒப்பந்தத்தில் சொல்லாமலே அடங்கியதாகக் கொள்கிறது. நல்ல சட்டம். ஆனால் 'பற்றரி - 1' என்று மட்டும் எழுதப்பட்ட பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, கவனமும் திறமையும் இருக்கவில்லை என்று யார் நிறுவ முடியும்? சட்டத்துக்குப் பற்கள் உண்டு. கடிப்பதற்கு ஒரு தாள் இல்லை.

ஆகவே அதிகாரசபையிடம் நான் வேண்டுவது பெரிய சீர்திருத்தம் எதுவுமன்று. பற்றரி விற்கும்போதும் வாகன மின்சாரக் கோளாறு திருத்தும்போதும் மூன்று அளவுகளைப் பற்றுச்சீட்டில் எழுதுவது கட்டாயமாகட்டும். ஒன்று, கார் ஓய்ந்திருக்கையில் பற்றரியின் வோல்ற்றளவு. நிரம்பிய பற்றரி 12.6 அளவில் நிற்கும், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே என்றால் வற்றிவிட்டது. இரண்டு, எஞ்சின் இயங்கும்போதுள்ள அளவு. சாதாரணமாக அது 13.5 முதல் 14.7 வரை இருக்கும். புதிய கார்களிற் சில எரிபொருளைச் சேமிக்க இதனைத் தற்காலிகமாகக் குறைப்பதுண்டு என்பதைத் திருத்துநர் அறிந்திருக்க வேண்டும். மூன்று, கார் உறங்கிய பின்னர் அது குடிக்கும் மின்னோட்டம். முதலிரண்டையும் அளக்க ஐந்து நிமிடமும் மலிவான ஒரு மீற்றரும் போதும். மூன்றாவதற்கு நேரம் வேண்டும்; அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே அறிவித்து அறவிடட்டும். வாடிக்கையாளர் அந்தச் சோதனையை விரும்பாவிட்டால் அதையும் எழுதிக் கையொப்பம் பெறட்டும். உத்தரவாதம் பற்றிய சச்சரவு வரும் நாளில், இரண்டு தீர்ப்புகளுக்கு அங்கே இடமிராது.

இறக்குமதியாளர்களுக்கும் ஒரு கடமை விதிக்கப்படவேண்டும். பியூஸ் வரைபடமும் பற்றரி வகையும் எச்சரிக்கை விளக்குகளின் பொருளும் அடங்கிய சில பக்கங்களையாவது தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தராமல் காரை விற்க அனுமதிக்கலாகாது. தகவலுக்கான இந்த உரிமை நூதனமானதன்று. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில், பழுதுபார்ப்பதற்கான தகவல்களைத் தயாரிப்பாளர்கள் சுயாதீனக் கராஜ்களுக்கும் வழங்கவேண்டும் என்று 2012இல் மக்கள் வாக்களித்துச் சட்டமாக்கினார்கள். அவுஸ்திரேலியாவில் அத்தகைய சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மொரட்டுவை இலங்கை - ஜேர்மன் தொழிநுட்பப் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாகச் சிறந்த திருத்துநர்களை உருவாக்கிய நாடு இது. அவர்களின் கைகளுக்குத் தகவலைக் கொடுக்காமல் ஸ்பானரை மட்டும் கொடுப்பது அந்தப் பயிற்சியையே அவமதிப்பதாகும்.

சட்டம் வரும்வரை உரிமையாளர் செய்யக்கூடியவை சில உண்டு. எத்தனை நாள் நின்ற பிறகு கார் இயங்க மறுக்கிறது என்பதைத் திகதியோடு குறித்து வையுங்கள். முதியவர் கேட்ட அந்தக் கேள்விக்கான விடைதான் நோயறிதலின் முதற்படி. காரிற் பிறர் பூட்டிய கருவிகள் யாவை என்று பட்டியலிடுங்கள். ஸ்மார்ட் சாவியைக் காருக்கு அருகில் தொங்கவிடாதீர்கள். சில கார்கள் அதனோடு பேசிக்கொண்டே விழித்திருக்கும். கராஜில் "பற்றரி போய்விட்டது" என்று சொல்லப்பட்டால், பணிவாக ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அளந்து பார்த்தீர்களா? எவ்வளவு காட்டியது?"

அளவைச் சொல்லக்கூடியவரிடம் பணத்தைக் கொடுங்கள், அது சற்று அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை. சொல்ல முடியாதவர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும், அடுத்த பற்றரியின் விலையையும் சேர்த்தே அவரிடம் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.